வருமான வரி இல்லாத மாநிலத்தில் வரிச்சுமை யார் தோளில்? வாஷிங்டன் மாநிலம்: ஒரு நிகழ்வு ஆய்வு

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: "இங்கே ஸ்டேட் டாக்ஸ் கிடையாது." கலிபோர்னியாவில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் இன்னும் அதிகம். சீட்டில் மத்திய அரசின் வருமான வரி இருக்கும், சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் இருக்கும். மாநில வருமான வரி என்ற இடம் மட்டும் காலியாக இருக்கும்.

அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை. ஆனால் அதே அலுவலகக் கட்டடத்தை இரவில் கூட்டித் துடைக்கிறவருக்கு அது பொருந்தாது. மாநிலம் பள்ளி நடத்த வேண்டும், சாலை போட வேண்டும், சிறையும் பல்கலைக்கழகமும் மருத்துவ உதவித் திட்டமும் நடக்க வேண்டும். கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) நகரத்துக்கும் போலீஸ், தீயணைப்பு, நூலகம் என்று தனிச் செலவுகள். வருமானத்தின் மீது வரி இல்லை என்றால் அந்தப் பணம் வேறு வழியாக வந்தே ஆக வேண்டும். எந்த வழியாக, யார் கையிலிருந்து வருகிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

அமெரிக்க மாநிலங்களின் வரிச்சுமை எந்த வருமானப் பிரிவின் மேல் எவ்வளவு விழுகிறது என்பதை வரி மற்றும் பொருளாதாரக் கொள்கை நிறுவனம் (சுருக்கமாக ஐடெப்) பல ஆண்டுகளாகக் கணக்கிட்டு வருகிறது. 2018-ல் அது வெளியிட்ட அறிக்கையின்படி, வாஷிங்டன் மாநிலத்தில் அடிமட்ட 20 சதவீதக் குடும்பங்கள் தங்கள் வருமானத்தில் 17.8 சதவீதத்தை மாநில, உள்ளாட்சி வரிகளாகக் கட்டின. உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினர் கட்டியது 3 சதவீதம். அன்றைக்கு ஐம்பது மாநிலங்களிலும் இதுதான் மிக மோசமான இடைவெளி. முற்போக்கு மாநிலம் என்று பேர் எடுத்த, ஜனநாயகக் கட்சி பல காலமாக ஆளும் ஒரு மாநிலத்தின் நிலை இது. அதனால்தான் டெக்சாஸையோ புளோரிடாவையோ எடுக்காமல் வாஷிங்டனை எடுத்துக்கொண்டேன். இங்கே இந்த அநியாயம் யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்த கொள்கை அல்ல. சொல்லப்போனால், மக்கள் நேர் எதிராக ஓட்டுப் போட்ட பிறகு வந்து சேர்ந்தது.

ஒரு சின்னக் கணக்கு

சதவீதங்களை மட்டும் பார்த்தால் விஷயம் மனதில் பதியாது. இரண்டு கற்பனைக் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை, ஆனால் வரி வேலை செய்யும் விதம் உண்மையானது.

முதல் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 30,000 டாலர். வாடகை வீடு. மளிகைப் பொருளுக்கு இந்த மாநிலத்தில் விற்பனை வரி இல்லை. 1977-ல் மக்கள் வாக்களித்து அதை நீக்கினார்கள். ஆனால் சோப்பு, துணி, பிள்ளைகளின் ஷூ, கட்டில், போன், கார் டயர், வெளியே சாப்பிடும் சாப்பாடு எல்லாவற்றுக்கும் வரி உண்டு. மாநிலத்தின் பங்கு 6.5 சதவீதம், அதன் மேல் கவுண்டி, நகரம், போக்குவரத்து வாரியம் என்று ஒவ்வொன்றாக ஏறி, சியாட்டிலில் மொத்தம் 10 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. ஆண்டுக்கு 12,000 டாலருக்கு இப்படிப்பட்ட பொருள் வாங்கினால் வரி குறைந்தது 1,200 டாலர். வருமானத்தில் 4 சதவீதம்.

அப்புறம் வாடகை. சொத்து வரி கட்டுவது வீட்டுக்காரர்தான். ஆனால் அது வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. ஆண்டு வாடகை 18,000 டாலர், அதில் பத்தில் ஒரு பங்கு சொத்து வரிக்குப் போகிறது என்று வைத்தால் 1,800 டாலர். பெட்ரோலுக்கு மாநில வரி ஒரு கேலனுக்கு அரை டாலர் அளவில். 500 கேலன் போட்டால் 250 டாலர். கூட்டினால் 3,250 டாலர், வருமானத்தில் கிட்டத்தட்ட 11 சதவீதம்.

இரண்டாவது குடும்பத்தின் வருமானம் 10 லட்சம் டாலர், அதில் பெரும்பகுதி பங்கு விற்ற லாபம். (அந்த லாபத்தின் மேல் 2021 சட்டம் போட்ட வரியைப் பின்னால் பார்ப்போம், இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.) இவர்கள் வரிக்குரிய பொருட்களை 1 லட்சம் டாலருக்கு வாங்குகிறார்கள், விற்பனை வரி 10,000 டாலர். 25 லட்சம் டாலர் வீட்டுக்குச் சொத்து வரி 22,500 டாலர் என்று வைப்போம். பெட்ரோல் அதே 250. மொத்தம் 32,750 டாலர். வருமானத்தில் மூன்றே கால் சதவீதம்.

"பத்து மடங்கு கட்டுகிறார்களே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். டாலரில் பார்த்தால் பத்து மடங்கு. ஆனால் அவர்களின் வருமானம் முப்பத்து மூன்று மடங்கு. முதல் குடும்பத்திடமிருந்து போகும் 3,250 டாலர் என்பது ஐந்து வாரச் சம்பளத்துக்கும் மேல். இரண்டாவது குடும்பம் கட்டும் 32,750 டாலர் அவர்களின் இரண்டு வார வருமானத்தைக்கூடத் தொடாது. பொருளியல் பாடத்தில் இதைத் தேய்வு வீத வரி என்பார்கள். வருமானம் ஏற ஏற வரியின் பங்கு தேய்கிறது.

விற்பனை வரி எல்லோருக்கும் ஒரே வீதம்தான், அப்படியிருக்க ஏன் இப்படி ஆகிறது? குறைந்த வருமானக்காரர் சம்பாதிப்பதை எல்லாம் செலவழிக்கிறார். மேலே போகப் போக வருமானத்தின் பெரும்பகுதி சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் போகிறது, அங்கே விற்பனை வரி கிடையாது. வக்கீல் கட்டணம், கணக்காளர் கட்டணம், தனியார் பள்ளிக் கட்டணம் போன்ற பல சேவைகளும் அந்த வரிக்கு வெளியே. சொத்து வரியிலும் இதே கதை. வீடு வரிக்கு உட்பட்டது. பங்குப் பத்திரமும் கடன் பத்திரமும் சொத்துதான், ஆனால் அவற்றுக்குச் சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. நடுத்தர வர்க்கத்தின் சொத்தில் பெரும்பகுதி வீடாக இருக்கிறது. பெரும் பணக்காரரின் சொத்தில் பெரும்பகுதி பங்காக இருக்கிறது.

ஒரே ஒரு சொல்

இனி 1930-களுக்குப் போக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் விழுந்தது.

அப்போது மாநிலத்தின் முக்கிய வருவாய் சொத்து வரி. பெருமந்தம் வந்தது. கோதுமைக்கும் ஆப்பிளுக்கும் விலை விழுந்தது, நிலத்தின் மேலான வரி மட்டும் விழவில்லை. வருமானமே இல்லாத விவசாயி நிலம் வைத்திருப்பதற்காக வரி கட்டினார், கட்ட முடியாதவர் நிலத்தை இழந்தார். விவசாயிகள் சங்கமான கிரேஞ்ச் முன்னின்று, வளர்வீத வருமான வரி (வருமானம் ஏற ஏற வீதமும் ஏறும் வரி) கேட்டு மக்கள் முன்முயற்சி 69-ஐ, அதாவது கையெழுத்துத் திரட்டி நேராக மக்கள் ஓட்டுக்கு விடும் சட்ட முன்மொழிவை, கொண்டுவந்தது. 1932 நவம்பரில் ஏறக்குறைய 70 சதவீத மக்கள் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "வாஷிங்டன் மக்களுக்கு வருமான வரியே பிடிக்காது" என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறார்களே, அதே மக்களின் தாத்தா பாட்டிகள் பத்துக்கு ஏழு பேர் அதைக் கேட்டு வாங்கியவர்கள்.

1933-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கலிட்டன் எதிர் சேஸ் வழக்கு. ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பு, ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம்.

காரணம் மாநில அரசியல் சாசனத்தில் இருந்த ஒரு சொல்: சொத்து. 1930-ல் செய்த திருத்தம், சொத்து என்றால் உடைமை கொள்ளத்தக்க அனைத்தும், தொட்டு உணரக்கூடியதோ இல்லையோ எல்லாமே, என்று வரையறுத்திருந்தது. ஒரே வகைச் சொத்துக்கு ஒரே சீரான வரி என்றும் சொன்னது. வருமானமும் ஒருவர் உடைமை கொள்வதுதானே, ஆகவே வருமானமும் சொத்து. அதிக வருமானத்துக்கு அதிக வீதம் போட்டால் சீர்மை கெடுகிறது என்றது நீதிமன்றம். இதைவிடப் பரந்த வரையறையை எந்த அகராதிக்காரராலும் எழுத முடியாது என்ற பொருளில் தீர்ப்பு பேசியது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்த விரிந்த வரையறையை எழுதியதன் நோக்கமே நிலத்தின் மேல் மட்டும் விழுந்த சுமையைப் பத்திரங்கள் போன்ற கண்ணுக்குத் தெரியாத செல்வத்துக்கும் பங்கு வைப்பதுதான். பணக்காரரின் செல்வத்தை எட்டிப் பிடிக்கப் பின்னிய வலை, கடைசியில் அவர்களுக்கே வேலியாகிவிட்டது.

வருமான வரி போனது, கஜானா காலியாகவே இருந்தது. 1935-ல் சட்டமன்றம் 2 சதவீத விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பத்து சென்ட் பொருளுக்கு வரி ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு நாணயமே இல்லை. அதனால் அலுமினியத்தில் வரி வில்லைகள் அடித்து வெளியிட்டார்கள். பத்து சென்ட்டுக்கு வாங்குகிறவரிடம் ஐந்தில் ஒரு பங்கு சென்ட் வசூலிக்க ஒரு அரசு இவ்வளவு மெனக்கெட்டது. அதே நேரத்தில் பெரும் வருமானங்களைத் தொடக்கூடாது என்று சட்டம் கையைக் கட்டியிருந்தது. அந்த 2 சதவீதம்தான் படிப்படியாக ஏறி 1983 முதல் 6.5 ஆக நிற்கிறது.

கூடவே வணிக வரியும் வந்தது. பி அண்ட் ஓ என்பார்கள். லாபத்தின் மேல் அல்ல, மொத்த விற்றுமுதலின் மேல் போடும் வரி. நஷ்டத்தில் ஓடும் சிறு கடையும் கட்ட வேண்டும். இதில் ஒரு பகுதி விலைக்குள் ஏறி மறுபடியும் வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது.

மூடிய கதவைத் தட்டித் தட்டி

அதற்குப் பிறகு எத்தனையோ முயற்சிகள். 1936-ல் இன்னொரு வருமான வரிச் சட்டமும் நீதிமன்றத்தில் விழுந்தது. சாசனத்தையே திருத்தலாம் என்று பல முறை மக்களிடம் போனார்கள், ஒவ்வொரு முறையும் தோல்வி. 1932-ல் வருமான வரி கேட்ட மக்கள் பிறகு ஏன் மறுத்தார்கள்? என் ஊகம் இது: அன்று அது சொத்து வரிக்கு மாற்றாக வந்தது. பின்னால் வந்தபோது விற்பனை வரியும் சொத்து வரியும் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, இது இருப்பதற்கு மேல் இன்னொன்றாகத் தெரிந்தது. ஒரு வரியைக் குறைப்போம் என்ற வாக்குறுதியை யாரும் நம்பத் தயாராக இல்லை.

2002-ல் மைக்ரோசாஃப்ட் பில் கேட்ஸின் தந்தை, வக்கீலான மூத்த பில் கேட்ஸ் தலைமையில் ஒரு குழு மாநிலத்தின் வரி அமைப்பை ஆராய்ந்தது. ஏழைகள் மேல் சுமை விகிதம் மீறி விழுகிறது என்பதை அரசாங்க ஆவணமாகவே அது பதிவு செய்தது. 2010-ல் அவரே முன்நின்று முன்முயற்சி 1098-க்குப் பிரசாரம் செய்தார். தனிநபருக்கு 2 லட்சம் டாலருக்கு மேல், தம்பதிக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் உள்ள வருமானத்துக்கு மட்டும் வரி. எதிர்த்தரப்புக்கு மைக்ரோசாஃப்ட்டின் அன்றைய தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மரும் அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸும் பணம் கொடுத்தார்கள். 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த வரி ஒருபோதும் தொடப்போகாத லட்சக்கணக்கானவர்கள் அந்த 64-க்குள் இருந்தார்கள். "இன்றைக்கு அவன், நாளைக்கு நான்" என்ற பயம்தான் ஜெயித்தது என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்குவது தவறு. 6.5 வரை ஏறிய விற்பனை வரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

நகரமும் முயன்றது. 2017-ல் சியாட்டில் நகர சபை உயர் வருமானத்துக்கு 2.25 சதவீத வரி போட்டது. அதுவும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு நகரம் வேறு பாதை எடுத்தது. 2020-ல் பெரிய நிறுவனங்கள் மீது, அவை அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர்களுக்குக் கொடுக்கும் தொகையை அடிப்படையாக வைத்து ஒரு வரி போட்டது. கட்டுவது நிறுவனம், ஊழியர் அல்ல. அது நின்றது. கதவு மூடியிருந்தால் ஜன்னலைத் தேடும் வித்தையை இந்த மாநிலம் இப்படித்தான் கற்றுக்கொண்டது.

பணம் போதாமையும் இந்தக் கதையில் சேர்ந்தே வருகிறது. 2012-ல் மக்ளியரி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், பள்ளிகளுக்கு அரசு தேவையான நிதி தரவில்லை, சாசனக் கடமையில் தவறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. 2015 முதல் நாளொன்றுக்கு 1 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. கடைசியில் சட்டமன்றம் 2017-ல் கண்ட வழி மாநிலச் சொத்து வரியை உயர்த்துவது. மறுபடியும் அதே பழைய கருவி. பள்ளிக்குப் பணம் வந்தது நல்லதுதான், அது வந்த பாதை பழையது.

2021: ஒரு ஜன்னல் திறந்தது

2021 மே மாதம் ஆளுநர் ஜே இன்ஸ்லி கையெழுத்திட்ட சட்டம் மூலதன ஆதாயத்தின் மேல் 7 சதவீத வரி போட்டது. பங்கு, பத்திரம் போன்றவற்றை விற்றுக் கிடைக்கும் நீண்டகால லாபம் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும். வீடு, நிலம் விற்றால் இல்லை. ஓய்வூதியக் கணக்குகளுக்கும் இல்லை. வரும் பணத்தில் முதல் 50 கோடி டாலர் கல்விக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் செல்லும் நிதிக்கு, மிச்சம் பள்ளிக் கட்டடங்களுக்கு.

உடனே வழக்கு. இது வருமான வரிதான், வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றது எதிர்த்தரப்பு. 2022 மார்ச்சில் கீழ் நீதிமன்றம் அதை ஏற்று வரியை ரத்து செய்தது. 2023 மார்ச் 24 அன்று மாநில உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. சொத்தை வைத்திருப்பதற்கு வரி இல்லை, லாபம் கையில் இருப்பதற்கும் இல்லை, விற்றல் என்ற செயலுக்குத்தான் வரி. ஆகவே இது கலால் வரி, சீர்மை விதி இதற்குப் பொருந்தாது என்பது வாதம்.

சட்டம் படித்தவர்களில் பலருக்கு இந்த வாதம் உறுத்தும். மத்திய அரசு இதே லாபத்தை வருமானம் என்றே எண்ணுகிறது. எனக்கும் இதைவிட நேரான பாதை பிடித்திருக்கும்: 1933 தீர்ப்பே தவறு என்று நீதிமன்றம் சொல்லியிருக்கலாம். வாய்ப்பு இருந்தது, அதைத் தொட வேண்டிய தேவை இல்லை என்று விலகிக்கொண்டது. அப்படியும் இந்த முடிவை நான் வரவேற்கிறேன். விற்பனை வரியும் கலால் வரிதான். ஷூ வாங்கும் செயலுக்கு வரி போடலாம் என்றால் பங்கு விற்கும் செயலுக்கும் போடலாம்.

முதல் ஆண்டில் இந்த வரியைக் கட்டியவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். எழுபத்தைந்து லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் மாநிலத்தில் அவ்வளவே. வந்த பணம் 75 கோடி டாலருக்கும் மேல், எதிர்பார்த்ததைவிட மிக அதிகம்.

2024 நவம்பரில் இதை நீக்க வேண்டும் என்று முன்முயற்சி 2109 வாக்கெடுப்புக்கு வந்தது. 64 சதவீதம் பேர் நீக்கக் கூடாது என்றார்கள். 2010-ல் பணக்காரர் மீதான வருமான வரியை மறுத்ததும் அதே 64 தான். பதினான்கு ஆண்டுகளில் நடந்தது என்ன? தலைமுறை மாறியது, வீட்டு விலையும் செல்வ இடைவெளியும் கண்ணெதிரே வளர்ந்தன. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2010-ல் மக்களிடம் கேட்டது ஒரு வாக்குறுதியை நம்பும்படி. 2024-ல் வரி ஏற்கெனவே வசூலாகியிருந்தது, பணம் பள்ளிக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் போயிருந்தது, தங்கள் வீட்டுக்கு எந்த வரிக் கடிதமும் வரவில்லை என்பதை மக்கள் பார்த்திருந்தார்கள்.

திருப்பிக் கொடுக்கும் பக்கம்

மேலே ஏற்றுவது பாதி வேலைதான். கீழே இறக்குவது மறுபாதி. உழைக்கும் குடும்பங்களுக்கான வரித் தள்ளுபடி என்ற திட்டத்தை இந்த மாநிலம் 2008-லேயே சட்டமாக்கியது. அதற்கு நிதி ஒதுக்கவே இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் அது தூங்கியது. 2021-ல் நிதி கிடைத்து, 2023-ல் பணம் கைக்கு வரத் தொடங்கியது. அப்போது குடும்ப அளவையும் வருமானத்தையும் பொறுத்து 300 முதல் 1,200 டாலர் வரை. கட்டிய விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதுதான் இதன் கருத்து, பில்களைச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல், வரி எண் மட்டும் வைத்திருக்கும் குடியேறிகளுக்கும் உண்டு. அவர்களும் கடையில் அதே வரிதானே கட்டுகிறார்கள்.

நம் முதல் குடும்பத்துக்கு 900 டாலர் கிடைத்தால் அதன் சுமை கிட்டத்தட்ட 11-லிருந்து 8 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஆனால் ஒரு குறை. மாநில வருமான வரி இருக்கும் இடங்களில் இப்படிப்பட்ட தள்ளுபடி வரிப் படிவத்தோடு சேர்ந்தே வந்துவிடும். இங்கே மாநிலத்துக்குப் படிவமே கிடையாது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வரி தானாகவே பிடிக்கப்படுகிறது, திரும்பப் பெறுவதற்குத்தான் மனு போட வேண்டியிருக்கிறது. இரண்டு வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு அந்த மனு எவ்வளவு தூரம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2024 தொடக்கத்தில் வெளிவந்த ஐடெப் அறிக்கையில் வாஷிங்டனின் அடிமட்டப் பங்கு 13.8 சதவீதம், உச்சியின் பங்கு 4.1 சதவீதம். மிக மோசமான மாநிலம் என்ற இடம் புளோரிடாவுக்குப் போனது, வாஷிங்டன் இரண்டாவது. இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே உள்ள மாற்றம் முழுவதையும் இந்தச் சட்டங்களின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. திசை மட்டும் தெளிவு.

எதிர்வாதங்கள்

மூன்று வாதங்களை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

ஓராண்டு வருமானத்தை வைத்து அளப்பது தவறு என்பது முதலாவது. அடிமட்டத்தில் மாணவர்கள் இருப்பார்கள், ஓய்வு பெற்றவர்கள் இருப்பார்கள், அந்த வருடம் வேலை போனவர்கள் இருப்பார்கள். அவர்கள் வருமானத்துக்கு மேல் செலவழிப்பதால் விற்பனை வரியின் பங்கு ஊதித் தெரியும். வாழ்நாள் முழுவதையும் பார்த்தால் இடைவெளி குறையும். இது சரியான வாதம், அடிமட்ட எண்ணை நான் எப்போதும் கொஞ்சம் தள்ளியே வாசிப்பேன். ஆனால் வாஷிங்டனில் அடிமட்டத்தில் மட்டும் பங்கு அதிகமில்லை. நடுவில் உள்ள படிகளிலும் வருமானம் ஏற ஏறப் பங்கு இறங்கிக்கொண்டே போகிறது. முழுநேர வேலையில் இருக்கும் நர்ஸும் லாரி ஓட்டுநரும் உச்சி 1 சதவீதத்தைவிட அதிகப் பங்கு கட்டுகிறார்கள் என்பதற்கு மாணவர்களைக் காரணம் சொல்ல முடியாது.

மத்திய வருமான வரி வளர்வீதத்தில் இருக்கிறது, இரண்டையும் கூட்டிப் பாருங்கள் என்பது இரண்டாவது. கூட்டினால் சாய்வு குறைகிறது, உண்மை. ஆனால் ஒரு பாத்திரத்தில் நிரப்புவதை இன்னொரு பாத்திரத்தின் ஓட்டை வழியே விடுவதற்கு அது நியாயம் ஆகாது. அதோடு, மாநில, உள்ளாட்சி வரிகளை மத்திய வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை செலவுகளைப் பட்டியலிட்டுக் காட்டுபவர்களுக்கே கிடைக்கும். பொதுக் கழிவை (செலவுப் பட்டியல் காட்டாமல் எடுக்கும் நிலையான தொகையை) எடுக்கும் குறைந்த வருமானக்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை.

மூன்றாவதுதான் கனமானது: பணக்காரர் போய்விடுவார். 2023 நவம்பரில் ஜெஃப் பெசோஸ் சியாட்டிலை விட்டு மயாமிக்குக் குடிபெயர்வதாக அறிவித்தார். பெற்றோர் அருகில் இருக்க வேண்டும், தன் ராக்கெட் நிறுவனத்தின் வேலை புளோரிடாவில் நடக்கிறது என்று காரணம் சொன்னார். 2024 பிப்ரவரியில் ஏறக்குறைய 850 கோடி டாலர் பங்குகளை விற்றார். வாஷிங்டனில் இருந்து விற்றிருந்தால் 7 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 60 கோடி டாலர். ஒரே ஒரு மனிதரின் முகவரி மாற்றம் இவ்வளவு. பங்குச் சந்தை சரிந்தாலும் இதேபோல் வரவு விழும். இரண்டாவது ஆண்டில் வசூல் வெகுவாகக் குறைந்ததை மாநிலம் பார்த்தது. நாலாயிரம் பேரை நம்பிப் பள்ளி நடத்த முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனாலேயே இந்த வரியைக் கைவிட வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல ஆண்டில் சேர்த்து வைத்து மெலிந்த ஆண்டில் எடுப்பதற்கு வழிகள் உண்டு. சொத்து வரி கட்ட முடியாமல் வெளியேறிய குடும்பங்களின் முகவரி மாற்றத்தை எந்தப் பத்திரிகையும் தலைப்பாகப் போடுவதில்லை.

அக்கம்பக்கம்

கொலம்பியா ஆற்றைத் தாண்டினால் ஆரிகன். அங்கே விற்பனை வரியே கிடையாது, வருமான வரி உண்டு. ஆற்றின் வடகரையில், வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் நகரில் (கனடாவில் உள்ளது அல்ல) வசிப்பவர் தென்கரையில் போர்ட்லண்டில் டிவி வாங்கி வருவது அங்கே அன்றாட வழக்கம். கார் இருந்து, நேரமும் இருப்பவருக்கு அது ஒரு வசதி. அப்படி வெளியே வாங்கி வந்த பொருளுக்குச் சட்டப்படி பயன்பாட்டு வரி கட்ட வேண்டும் என்பது பெரும்பாலும் ஏட்டோடு சரி.

மின்னசோட்டா வேறு மாதிரி. வளர்வீத வருமான வரி, உச்ச வீதம் 9.85 சதவீதம். துணிக்கு விற்பனை வரி இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கும் சொத்து வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறார்கள். 2023-ல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் குழந்தைக்கு 1,750 டாலர் வரை தள்ளுபடி வந்தது. ஐடெப் கணக்கில் அங்கே அடிமட்டத்தின் பங்கு உச்சியின் பங்கைவிடக் குறைவு. இதில் எனக்குப் பிடித்த ஒன்று, எந்த வருமானப் பிரிவு எவ்வளவு கட்டுகிறது என்ற ஆய்வை அந்த மாநில வருவாய்த் துறையே குறிப்பிட்ட கால இடைவெளியில் வெளியிடுகிறது. வெளி அமைப்பு ஒன்று வந்து சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை இல்லை.

2025

2025-ல் வாஷிங்டன் கஜானாவில் பெரிய பள்ளம் விழுந்தது. புதிய ஆளுநர் பாப் ஃபெர்குசன் கையெழுத்திட்ட சட்டங்களில் ஒன்று மூலதன ஆதாய வரியில் இன்னொரு படி வைத்தது: 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஆதாயத்துக்குக் கூடுதலாக 2.9 சதவீதம், மொத்தம் 9.9.

அதே ஆண்டு பெட்ரோல் வரி கேலனுக்கு 6 சென்ட் ஏறியது. அதே ஆண்டு இன்னொரு சட்டம், போலீஸும் பொதுப் பாதுகாப்பும் பலப்படுவதற்காக, கவுண்டிகளும் நகரங்களும் மக்களிடம் ஓட்டுக் கேட்காமலே விற்பனை வரியில் 0.1 சதவீதம் ஏற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. நகர சபைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொத்து வரி வசூலை ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் பொதுவாக ஏற்ற முடியாதபடி சட்டம் கட்டியிருக்கிறது, வருமான வரிக்கு வழி இல்லை, போலீஸ்காரரின் சம்பளமும் ஆம்புலன்ஸின் விலையும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. கையில் இருக்கும் ஒரே கருவியைத்தான் எடுக்கிறார்கள்.

நம் முதல் குடும்பத்துக்கு அந்த 0.1 சதவீதம் ஆண்டுக்கு 12 டாலர். கவுண்டி ஒன்று, நகரம் ஒன்று, போக்குவரத்துக்கு முன்பே ஏற்றியது, வீட்டு வசதிக்கு ஏற்றியது என்று இதுபோல் ஐந்து ஏற்றம் சேர்ந்தால் 60. அந்தக் குடும்பம் தள்ளுபடிக்கு இன்னும் விண்ணப்பிக்காமல் இருந்தால், அந்த அறுபதும் கையிலிருந்து போனதுதான்.